அமெச்சூர் வானொலி உரிமம்: மோர்ஸ் வேண்டுமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

எங்கள் ஊர் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அரசுப் பதிவுகளில் கேரளம், வீட்டில் தமிழ், சந்தைக்கும் சம்பந்தத்துக்கும் பொள்ளாச்சி என்று வாழும் குடும்பம் எங்களுடையது. பொழுதுபோக்காக வானலையில் பிறரோடு பேச அரசு தரும் அமெச்சூர் வானொலி உரிமத்தைக் கையில் வாங்க எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின. அவற்றில் ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் எந்தப் பயனும் இன்றிக் கழிந்தது. அதற்கு இரண்டே காரணங்கள்: ஒன்று, உரிமத்தின் கிரேடுகளையும் மோர்ஸையும் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) பற்றி நான் நம்பிய பழைய தகவல்கள், மற்றொன்று, என் பெயர் ஒவ்வொரு ஆவணத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதப்பட்டிருந்தது. எல்லையோரத்தில் வாழும் தமிழர்களுக்கு இந்த இரண்டாவது சிக்கல் ஏறத்தாழ எப்போதும் உண்டு. பாறசாலையில் இருப்பவர்களுக்கும், மூணாறில் இருப்பவர்களுக்கும், ஆந்திரப் பக்கம் நகரி, புத்தூரில் இருப்பவர்களுக்கும் இது பொருந்தும். நான் இழந்த காலத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்பதற்காகவே, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையில் எழுதுகிறேன்.

1. பழைய கிரேடு பட்டியலை ஒதுக்கி வையுங்கள்

உங்கள் கைக்கு முதலில் வரும் குறிப்புப் புத்தகம் பெரும்பாலும் பழையதாகவே இருக்கும். அதில் அட்வான்ஸ்டு கிரேடு, கிரேடு ஒன்று, கிரேடு இரண்டு, கிரேடு இரண்டு ரெஸ்ட்ரிக்டட் என்று நீண்ட பட்டியலும், கிரேடு ஒன்றுக்கு நிமிடத்துக்கு 12 சொல் வேகம், கிரேடு இரண்டுக்கு 5 சொல் வேகம் என்று மோர்ஸ் அளவுகளும் இருக்கும். இவை 1978ஆம் ஆண்டு அமெச்சூர் சேவை விதிகளைச் சார்ந்த ஏற்பாடு. பின்னர் வந்த திருத்தங்களில் இந்த ஏணி இரண்டே படிகளாகச் சுருக்கப்பட்டது. இப்போது ஜெனரல் கிரேடு, ரெஸ்ட்ரிக்டட் கிரேடு என்ற இரண்டு மட்டுமே உள்ளன. ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு மோர்ஸ் தேர்வு இல்லை. ஜெனரல் கிரேடுக்கு உண்டு. அதன் வேகம் நிமிடத்துக்கு 8 சொல்.

நான் பணம் கொடுத்துச் சேர்ந்த ஒரு பயிற்சி வகுப்பில் பழைய பட்டியலையே நகலெடுத்துக் கொடுத்தார்கள். 5 சொல் வேகம் போதும் என்று நம்பி நான்கு மாதம் பழகிய பிறகுதான், பாடத்திட்டத்தில் 8 என்று இருப்பதைப் பார்த்தேன். ஆகவே எந்தக் குறிப்பை வாங்கினாலும், அதில் எத்தனை கிரேடுகள் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். இரண்டுக்கு மேல் இருந்தால் அதன் தேர்வுப் பகுதியைப் படிக்க வேண்டாம். மின்னியல் பகுதியை மட்டும் படித்துக்கொள்ளலாம், ஓம் விதி மாறப்போவதில்லை.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள், "மோர்ஸை எல்லாம் எப்போதோ எடுத்துவிட்டார்களே" என்று சொல்வார்கள். அவர்கள் நாட்டைப் பொறுத்தவரை அது உண்மைதான். 30 மெகாஹெர்ட்சுக்குக் கீழே இயங்க மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்ற பன்னாட்டுக் கட்டாயம் 2003இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலி மாநாட்டில் நீக்கப்பட்டது. வேண்டுமா, வேண்டாமா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளலாம் என்று ஆயிற்று. பிரிட்டன் அதே ஆண்டில் கைவிட்டது. அமெரிக்கா 2000இல் எல்லா வகுப்புகளுக்கும் வேகத்தை 5 சொல்லாகக் குறைத்து, 2007இல் மோர்ஸ் தேர்வையே நீக்கியது. இந்தியா தனக்குக் கிடைத்த உரிமையை வேறு விதமாகப் பயன்படுத்தியது: தொடக்க நிலைக்கு மோர்ஸ் இல்லை, மேல் நிலைக்கு உண்டு. மாநாட்டு முடிவைக் காட்டி ஜெனரல் கிரேடில் விலக்குக் கேட்க முடியாது.

இன்னொன்றையும் கவனத்தில் வையுங்கள். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்துக்கும் 1933ஆம் ஆண்டுக் கம்பியில்லாத் தந்திச் சட்டத்துக்கும் மாற்றாக 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. அதன் கீழ் விதிகள் புதிதாக எழுதப்படும் காலம் இது. எனவே விண்ணப்பிக்கும் வாரத்தில், மத்திய அரசின் சரள் சஞ்சார் இணையதளத்தில் உள்ள பாடத்திட்டத்தையும் கட்டணத்தையும் ஒரு முறை திறந்து பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எண்கள் நான் தேர்வெழுதிய காலத்துக்கு உரியவை.

2. எந்த கிரேடு என்பதை முடிவு செய்யுங்கள்

இந்த முடிவிலிருந்துதான் மற்ற எல்லாச் செலவும் கிளைக்கின்றன. நான் முதலில் ரெஸ்ட்ரிக்டட் எழுதினேன், பிறகு ஜெனரல் எழுதினேன். அதனால் விண்ணப்பம் இரண்டு முறை, பயணம் இரண்டு முறை, அலுவலகத்தில் விடுப்பு இரண்டு முறை. வானலையில் நம் அடையாளமாகச் சொல்லும் அழைப்புக்குறியும் மாறியது: ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு வியூ3 என்று தொடங்கும் குறி, ஜெனரல் உரிமத்துக்கு வியூ2 என்று தொடங்கும் குறி.

இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஆற்றல் வரம்பு. சிற்றலைப் பட்டைகளில் ரெஸ்ட்ரிக்டட் உரிமத்துக்கு 50 வாட் வரை. ஜெனரலுக்குக் குறிப்பிட்ட பகுதிகளில் 400 வாட் வரை. 50 வாட் குறைவு என்று எண்ண வேண்டாம். நல்ல ஆன்டெனாவும் சரியான நேரமும் அமைந்தால், 40 மீட்டர் பட்டையில் (ஏறத்தாழ 7 மெகாஹெர்ட்ஸ்) 50 வாட்டுக்குத் தென்னிந்தியா முழுவதும் தெளிவாகப் பேசலாம். எனவே குரலில் பேசுவது மட்டுமே உங்கள் விருப்பம் என்றால் ரெஸ்ட்ரிக்டட் போதுமானது. அதை எழுதுவதில் குறைவு எதுவும் இல்லை. பேரிடர் நேரத்தில் உதவ வேண்டும் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். 2018 வெள்ளத்தின்போது கேரளத்து ஹாம்கள் (அமெச்சூர் வானொலி இயக்குபவர்கள்) செய்த பணியில் பெரும்பகுதி குரல்வழித் தொடர்புதான்.

மோர்ஸில் ஆர்வம் இருந்து, நாள்தோறும் அரை மணி நேரம் வீதம் மூன்று மாதம் ஒதுக்க முடியும் என்றால், நேராக ஜெனரல் எழுதுங்கள். "முதலில் ரெஸ்ட்ரிக்டட் முடிப்போம், மோர்ஸைப் பிறகு பார்ப்போம்" என்ற எண்ணம் பாதுகாப்பானது போலத் தோன்றும். ஆனால் உரிமம் கைக்கு வந்ததும் பேசும் ஆசையில் பழக்கம் நின்றுவிடுகிறது; எனக்கு ஒன்றரை ஆண்டு நின்றது.

வயது வரம்பைப் பொறுத்தவரை, 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வெழுதலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு மோர்ஸ் வியப்பூட்டும் விரைவில் வந்துவிடுகிறது என்பதை என் அண்ணன் மகளிடம் பார்த்தேன். அவளை ஜெனரலுக்கே அனுப்பினோம்.

3. பெயரையும் முகவரியையும் சரிசெய்யுங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அடையாளச் சான்று, முகவரிச் சான்று, பிறந்த தேதிச் சான்று, அண்மைக்கால ஒளிப்படம், கையொப்பத்தின் ஸ்கேன் ஆகியவை தேவை. ஐந்தும் எல்லோரிடமும் இருக்கும். முதல் மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எல்லையோரத் தமிழர்களுக்கு நேர்வது இதுதான். கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் வரும்: செல்வராஜ் பி. தமிழ்நாட்டில் கல்லூரிப் படிப்பு முடித்திருந்தால் அந்தச் சான்றிதழில் பி. செல்வராஜ் என்று முன்னால் வந்திருக்கும். ஆதாரில் தந்தை பெயர் விரிந்து செல்வராஜ் பழனிச்சாமி என்று இருக்கும். பான் அட்டையிலோ தந்தை பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி, வரிசை தலைகீழாகி, பழனிச்சாமி செல்வராஜ் என்று நிற்கும். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு ஆவணத்தில் இரட்டை மெய்யும் மற்றொன்றில் ஒற்றை மெய்யும் இருப்பது இதற்கு மேல். நம் ஊர்க்காரர் எவர் பார்த்தாலும் ஒரே ஆள் என்று சொல்லிவிடுவார். தொலைவில் ஓர் அலுவலகத்தில் ஸ்கேன் நகலை மட்டும் பார்க்கும் அலுவலருக்கு அவை நான்கு பெயர்கள். என் முதல் விண்ணப்பம் திரும்பியது இதனால்தான். அந்த அலுவலரை நான் குறை சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியது இது. பிறந்த தேதிச் சான்றாக எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைத்தான் வைக்கப்போகிறீர்கள் என்றால், அதில் உள்ள பெயரையே அடிப்படையாகக் கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழைத் திருத்துவதைவிட ஆதாரைத் திருத்துவது எளிது. ஆதாரில் பெயரை அதே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். திருத்தம் முடிந்து புதிய நகல் கைக்கு வந்த பிறகே விண்ணப்பியுங்கள். ஆதாரைத் திருத்த இயலாத நிலை இருந்தால், கேரளத்தில் வில்லேஜ் ஆபீஸில் தரும் 'ஒன் அண்ட் தி சேம்' சான்றிதழைப் பெறலாம். இரண்டு பெயர்களும் ஒரே ஆளுக்குரியவை என்று வில்லேஜ் ஆபீசர் அளிக்கும் சான்று அது. அக்ஷயா மையத்தில் (கேரள அரசின் இணையச் சேவை மையம்) இ-டிஸ்ட்ரிக்ட் தளம் வழியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கும்போது, வேறுபடும் எல்லா வடிவங்களையும் ஒரே சான்றில் எழுதச் சொல்லுங்கள். நான் இரண்டை மட்டும் எழுதி வாங்கினேன். மூன்றாவது வடிவத்துக்காக மீண்டும் போக வேண்டியதாயிற்று.

முகவரியில் உள்ள கண்ணி வேறு. வானொலி நிலையம் எந்த வீட்டில் இயங்கப்போகிறதோ, அந்த வீட்டின் முகவரிதான் உரிமத்தில் ஏறும். நம்மில் பலருக்கு ஆதார் ஒரு மாநிலத்திலும் குடியிருப்பு இன்னொரு மாநிலத்திலும் இருக்கிறது. மனைவியின் ஊரான ஆனைமலையில் ஆதார் எடுத்துவிட்டு, வண்ணாமடையில் குடியிருந்துகொண்டு, அங்கே ஆன்டெனா கட்டப்போகிறவர், முதலில் ஆதார் முகவரியை மாற்றிக்கொள்வதே சரி. மலையாளத்தில் மட்டும் அச்சான ஆவணங்களை முகவரிச் சான்றாக வைக்க வேண்டாம். ஆங்கிலமும் உள்ள ஆவணத்தையே தெரிவு செய்யுங்கள். இந்தத் திருத்த வேலைகளுக்கு எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்திலேயே மோர்ஸ் பழகத் தொடங்கிவிடலாம்.

4. விண்ணப்பமும் கட்டணமும்

அமெச்சூர் நிலைய இயக்குநர் சான்றிதழ்த் தேர்வை நடத்துவது தொலைத்தொடர்புத் துறையின் கீழுள்ள டபிள்யூ.பி.சி. (வயர்லெஸ் பிளானிங் அண்ட் கோஆர்டினேஷன்) பிரிவு. விண்ணப்பம் சரள் சஞ்சார் தளத்தில் இணையவழியிலேயே நடக்கிறது. கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் கொண்டு பதிவு செய்து, கிரேடைத் தெரிவு செய்து, ஆவணங்களை ஏற்றி, கட்டணம் செலுத்த வேண்டும். பணம் மத்திய அரசின் பாரத்கோஷ் கட்டணத் தளம் வழியாகச் செல்லும்.

தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். தேர்ச்சிக்குப் பின் உரிமக் கட்டணம் 20 ஆண்டுகளுக்கு 1000 ரூபாய், வாழ்நாள் உரிமத்துக்கு 2000 ரூபாய். அரசுக்குச் செலுத்துவது இவ்வளவுதான். "எல்லாம் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகர் எவரும் உங்களுக்குத் தேவையில்லை. அக்ஷயா மையத்தில் உட்கார்ந்து செய்தால், அவர்களுடைய சேவைக் கட்டணம் மட்டும் கூடும்.

அப்படி மையத்தில் செய்யும்போது, மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் உங்களுடையவையாகவே இருக்கட்டும். அவசரத்தில் மையத்தின் மின்னஞ்சலைக் கொடுத்துவிட்டால், தேர்வு நாள் குறித்த அறிவிப்பு அங்கே போய்விடும். பணம் கட்டிய ரசீதைப் பிடிஎஃபாகச் சேமியுங்கள். பணம் போய், தளத்தில் பதிவு ஏறாமல் நிற்பதும் உண்டு. அப்போது மீண்டும் கட்டாமல், ரசீது எண்ணை வைத்து ஓரிரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

5. தேர்வு மையம்

தேர்வுகள் வயர்லெஸ் மானிட்டரிங் நிலையங்களில் நடக்கின்றன. எங்கள் பகுதியினர் திருவனந்தபுரத்துக்கோ சென்னைக்கோ போகலாம். இரண்டுக்கும் ஓரிரவுப் பயணம். மையத்தை நாமே தெரிவு செய்யும் வசதி படிவத்தில் இருந்தது. பொள்ளாச்சி, பாலக்காடு வழியாக இரவில் செல்லும் அமிர்தா எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் திருவனந்தபுரம் சேர்த்துவிடும் என்பதால் நான் அதைத் தெரிவு செய்தேன். இரண்டு தேர்வுகளுக்கும் பயணம், தங்குமிடம், உணவு எல்லாம் சேர்த்து எனக்கு 3,500 ரூபாய்க்குச் சற்று மேலே ஆயிற்று. அரசுக் கட்டணத்தைவிடப் பயணச் செலவே பெரிது என்பதால்தான், ஒரே முறையில் முடியுங்கள் என்று வற்புறுத்துகிறேன்.

மோர்ஸ் தேர்வுக்குப் போகிறவர் முந்தைய நாள் மாலையே போய்ச் சேர்வது நல்லது. இரவெல்லாம் ரயில் ஓசையைக் கேட்ட காதுக்குக் காலை பத்து மணிக்கு மோர்ஸ் பிடிபடுவது கடினம். இதை நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

6. எழுத்துத் தேர்வு

வினாத்தாளில் இரண்டு பகுதிகள் உள்ளன: வானொலிக் கோட்பாடும் நடைமுறையும் ஒன்று, விதிமுறைகள் மற்றொன்று. ஒவ்வொரு பகுதியிலும் தனித்தனியே குறைந்தபட்ச மதிப்பெண் எடுக்க வேண்டும். கூட்டுத் தொகைக்கும் தனி வரம்பு உண்டு. மின்னியல் படித்தவர்கள் விதிமுறைப் பகுதியை அலட்சியமாக விட்டுத் தோற்பது இதனால்தான். தேர்வு ஆங்கிலத்தில் நடக்கிறது. தமிழ்வழியில் படித்த நான், தூண்டல், மின்தேக்கி, ஒத்ததிர்வு என்று பாடத்தை நன்றாகவே அறிந்திருந்தும், ஆங்கிலச் சொற்களைக் கண்டு முதலில் தடுமாறினேன். ஒரு நோட்டில் இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று ஏறத்தாழ இருநூறு சொற்களை எழுதிக்கொண்ட பிறகு அச்சம் நீங்கியது.

கோட்பாட்டில் ஓம் விதி, ஒத்ததிர்வுச் சுற்றுகள், பண்பேற்ற வகைகள், சூப்பர்ஹெட் ஏற்பியின் கட்டப்படம், அலை பரவும் முறை, ஆன்டெனா ஆகியவற்றை உறுதியாகப் படியுங்கள். அரை அலை டைப்போலின் நீளம் மீட்டரில் ஏறத்தாழ 143ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தது, 7.1 மெகாஹெர்ட்சுக்கு 20 மீட்டர் சொச்சம். இந்தக் கணக்கு தேர்வுக்கும் உதவும், பிறகு கம்பி வெட்டவும் உதவும். ஜெனரலுக்குப் பாடத்திட்டம் ரெஸ்ட்ரிக்டட்டைவிட விரிவானது.

விதிமுறையில் கியூ குறியீடுகள், ஆல்ஃபா பிராவோ சார்லி என்னும் ஒலிப்பெயர்கள், அபாய அழைப்புகள், உரிமத்தின் நிபந்தனைகள், அலைவரிசைப் பட்டியல் ஆகியவை வரும். இந்தியா பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் மூன்றாம் மண்டலத்தில் இருக்கிறது. 2 மீட்டர் பட்டை நமக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரைதான். அமெரிக்கப் புத்தகங்களில் 148 வரை என்று இருப்பதைப் படித்து எழுதிவிட வேண்டாம்.

7. மோர்ஸ் பழகும் முறை

ரெஸ்ட்ரிக்டட் எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியைக் கடந்துபோகலாம். ஜெனரல் எழுதுகிறவர்களுக்கு மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம்.

முதலில் தேர்வின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்டு எழுதுதல், தட்டி அனுப்புதல் என்று இரண்டு தேர்வுகள். ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், நிமிடத்துக்கு 8 சொல், சொல்லுக்கு ஐந்து எழுத்து என்ற கணக்கில் 200 எழுத்து. எண்ணும் நிறுத்தற்குறியும் ஒவ்வொன்றும் இரண்டு எழுத்தாகக் கணக்கிடப்படும். ஐந்து பிழைக்கு மேல் போனால் தேர்ச்சி இல்லை. அதாவது 200க்கு 195 சரியாக இருக்க வேண்டும். இது கடுமையாகத் தோன்றினாலும், ஒரு எழுத்துக்குச் சராசரியாக ஒன்றரை நொடி கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள். ஒன்றரை நொடி நிதானமாக எழுதப் போதுமான நேரம்.

பெரும்பாலோர் விழும் கண்ணி இதில்தான் இருக்கிறது. மெதுவான வேகத்தில் புள்ளியையும் கோட்டையும் எண்ணி, மனத்தில் அட்டவணையைப் புரட்டி எழுத்தைக் கண்டுபிடிக்க முடிகிறது. 5 சொல் வேகத்தில் அப்படித்தான் நான் பழகினேன். வேகம் 8ஐத் தொட்டதும் எண்ணிக்கை பிந்தத் தொடங்கியது. ஒரு எழுத்தை எண்ணி முடிப்பதற்குள் அடுத்தது வந்து போயிற்று. நான்கு மாதப் பழக்கத்தை மறந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க நேர்ந்தது. தட்டச்சு நிலையத்தில் கட்டையைப் பார்த்துத் தட்டிப் பழகியவர், பிறகு பார்க்காமல் தட்டப் பழகுவதற்குப் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இது புரியும்.

ஆகவே அட்டவணையைச் சுவரில் ஒட்ட வேண்டாம். புள்ளி, கோடு என்ற சொற்களையே மறந்துவிடுங்கள். டி, டா என்ற ஒலிகளாக மட்டும் கேளுங்கள். கே என்ற எழுத்து 'டாடிடா' என்னும் ஒரே சொற்கட்டு, ஆர் 'டிடாடி', எம் 'டாடா'. தவில் சொற்கட்டை அடிகளாக எண்ணாமல் ஒரே ஒலியாக வாங்கிக்கொள்வதுபோல் எழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் கோக் முறைப் பயிற்சிச் செயலிகளில் எழுத்தின் வேகத்தை 15 முதல் 18 சொல்லாக வைத்து, எழுத்துகளுக்கிடையிலான இடைவெளியை நீட்டி, மொத்த வேகத்தை 8ஆக அமையுங்கள். எழுத்து விரைவாக ஒலிப்பதால் எண்ண முடியாது. இடைவெளி நீண்டிருப்பதால் எழுத நேரம் இருக்கும். இரண்டு எழுத்தில் தொடங்கி, பத்துக்கு ஒன்பது சரியாக வந்த பிறகே மூன்றாவதைச் சேருங்கள்.

எழுத்து 26, எண் 10. அவற்றோடு முற்றுப்புள்ளி, காற்புள்ளி, அரைப்புள்ளி, இணைப்புக்குறி, கேள்விக்குறி, பிரேக் குறி என ஆறு. மொத்தம் 42. இரண்டு நாளுக்கு ஒன்று வீதம் சேர்த்தால் 84 நாள், அதாவது பன்னிரண்டு வாரம். மூன்று மாதம் என்று மேலே சொன்னது இந்தக் கணக்கில்தான். அதன் பிறகு தேர்வு நாள் வரை முழு ஐந்து நிமிடப் பகுதிகளாகப் பழகுங்கள். ஒரு நிமிடம் பிழையின்றி எழுதுகிறவர்களுக்கும் மூன்றாவது நிமிடத்தில் கவனம் சிதறும்.

எந்த இடங்களில் பிழை வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எஸ், எச், எண் 5 ஆகிய மூன்றும் முறையே மூன்று, நான்கு, ஐந்து டி ஒலிகள். பி என்பது டாடிடிடி. அதோடு ஒரு டி கூடினால் எண் 6. இந்தக் குழுக்களைத் தனியே எடுத்துக் கலந்து கேளுங்கள். கடைசி வாரம் வரை நிறுத்தற்குறிகளைத் தள்ளிப்போடுவது இன்னொரு பொதுத் தவறு. அவை இரண்டு எழுத்தாகக் கணக்கிடப்படுவதால், அவற்றைக் கோட்டை விட்டால் இழப்பும் பெரிது. எழுதும்போது ஒரு எழுத்து தவறிவிட்டால் சிறு கோடு போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறியதை நினைத்துக்கொண்டிருந்தால் இன்னும் மூன்று தவறும். கோடு விழுந்த இடத்தை, சொல்லின் பொருளை வைத்துக் கடைசியில் நிரப்பலாம். பகுதி இயல்பான ஆங்கில உரையாகவே இருக்கும்.

அனுப்பும் தேர்வுக்குச் சாதாரண நேர் கீயில் (மேலும் கீழுமாகத் தட்டும் கருவி) பழகுங்கள். பக்கவாட்டில் அழுத்தினால் டியும் டாவும் தானே எழும் பேடில் கீயில் மட்டும் பழகிவிட்டு, மையத்தில் நேர் கீயைப் பார்த்து மணிக்கட்டு இறுகிப்போனவர்களை நான் கண்டேன். டா என்பது டியைப் போல மூன்று மடங்கு நீளம். எழுத்துகளுக்கிடையே மூன்று டி அளவு, சொற்களுக்கிடையே ஏழு டி அளவு இடைவெளி. 8 சொல் வேகத்தில் ஒரு டி 150 மில்லிநொடி. பதற்றத்தில் முதலில் சுருங்குவது இடைவெளிதான். எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டி வேறு எழுத்தாகிவிடும். நீங்கள் தட்டியதைக் கைபேசியில் பதிவு செய்து, மறுநாள் அதை நீங்களே கேட்டு எழுதிப் பாருங்கள். உங்களுக்கே விளங்காத இடம் தேர்வாளருக்கும் விளங்காது.

8. தேர்வு நாள்

அழைப்புக் கடிதத்தின் அச்சு நகல், அதில் உள்ள பெயரோடு ஒத்த அடையாள அட்டையின் மூலப்படி, இரண்டு ஒளிப்படம், இரண்டு பேனா, இரண்டு பென்சில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். மோர்ஸைப் பென்சிலில் எழுதுவதே வசதி. பெரிய எழுத்துகளில் எழுதிப் பழகியிருந்தால் அப்படியே எழுதுங்கள். அன்றைக்குப் புதிய பழக்கம் எதுவும் வேண்டாம்.

அனுப்பும் தேர்வுக்கு முன், கீயின் இடைவெளியையும் சுருள்வில்லின் இறுக்கத்தையும் உங்கள் கைக்கு ஏற்பச் சரிசெய்துகொள்ளலாமா என்று பணிவாகக் கேளுங்கள். என்னை அனுமதித்தார்கள்.

9. தேர்ச்சிக்குப் பிறகு உரிமம்

தேர்ச்சிச் சான்றிதழும் உரிமமும் வேறு வேறு. சான்றிதழ் கையில் இருப்பதாலேயே அனுப்பும் கருவியை இயக்கக் கூடாது. அதே இணையதளத்தில் உரிமத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சான்றிதழ், அடையாளச் சான்று, நிலையம் அமையும் முகவரிச் சான்று ஆகியவற்றை ஏற்றி, மேலே சொன்ன உரிமக் கட்டணத்தைக் கட்ட வேண்டும். அழைப்புக்குறிக்கு உங்கள் விருப்பத்தைத் தெரிவிக்கலாம். மோர்ஸில் இயங்கப்போகிறவர்கள், விரும்பும் எழுத்துகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத் தெரிவு செய்யுங்கள். குரலில் மட்டும் பேசுகிறவர்கள் பி, டி, வி போல ஒன்றாக ஒலிக்கும் எழுத்துகள் சேர்ந்து வராதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

திருத்தி அனுப்பிய விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ரெஸ்ட்ரிக்டட் உரிமம் வரும் வரை எனக்குப் பதினொரு மாதம் ஆயிற்று. ஓரளவு அதே காலத்தை நீங்களும் மனத்தில் வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இராது. அடுத்து ஜெனரல் எழுதும் எண்ணம் இருந்தால், வியூ3 குறியோடு கியூ.எஸ்.எல். அட்டைகளை (பேசியதை உறுதிசெய்து மறுமுனையாளருக்கு அனுப்பும் அட்டை) ஆயிரக்கணக்கில் அச்சடிக்க வேண்டாம், நூறு போதும். உரிமத்தோடு வரும் அட்டவணையில் உங்கள் கிரேடுக்கு அனுமதிக்கப்பட்ட அலைவரிசைகளும் அனுப்பும் வகைகளும் இருக்கும். முதல் அழைப்புக்கு முன் அதை ஒரு முறை முழுவதும் படியுங்கள்.

10. கருவி

உரிமம் வருவதற்கு முன் அனுப்பும் கருவி வாங்க வேண்டாம். இணையக் கடைகளில் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குக் கையடக்கக் கருவிகள் தென்படுகின்றன. உரிமமின்றி அதை வைத்திருப்பதே குற்றம். அனுப்பினால்தான் குற்றம் என்பது தவறான எண்ணம். வாளையார், கோபாலபுரம், மீனாட்சிபுரம் சோதனைச் சாவடிகள் வழியாக அடிக்கடி போய்வரும் நமக்கு, வண்டியில் கிடக்கும் உரிமமற்ற கருவி பெரிய தொல்லையில் கொண்டுபோய் விடும். உரிமம் வந்த பிறகும், பயணத்தில் அதன் நகலைக் கருவியோடு வைத்திருங்கள்.

காத்திருக்கும் மாதங்களில் ஏற்பியில் கேட்டுப் பழகலாம். காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் 40 மீட்டர் பட்டையில் தமிழ், மலையாளம், தெலுங்கு எல்லாம் கேட்கும்; யார் எப்படி அழைக்கிறார்கள், எப்போது இடைமறிக்கிறார்கள் என்பதைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம்.

கம்பி ஆன்டெனாவுக்கு நம் ஊர்த் தென்னையும் பனையும் நல்ல தூண்கள். ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் காற்றில் மரம் அசையும்போது இறுகக் கட்டிய கம்பி அறுந்துவிடும். ஒரு முனையில் சிறு உருளை மாட்டி, கயிற்றின் நுனியில் எடை கட்டித் தொங்கவிட்டால், மரத்தோடு கம்பியும் ஏறி இறங்கும். மின்கம்பி செல்லும் பாதைக்குப் பக்கத்தில் எந்தக் காரணம் கொண்டும் கட்ட வேண்டாம். துலாவர்ஷக் (வடகிழக்குப் பருவமழை) காலத்தில் மாலை இடி தொடங்குவதற்கு முன்பே ஆன்டெனா வயரைக் கருவியிலிருந்து கழற்றி, வீட்டுக்கு வெளியே போட்டுவிடுங்கள்.

11. வீடு மாறினால்

எல்லையைத் தாண்டி வீடு மாறுவது நமக்குச் சாதாரணமான செயல். உரிமத்தில் இருப்பது ஒரு குறிப்பிட்ட முகவரி என்பதால், கோவிந்தாபுரத்திலிருந்து ஆனைமலைக்குப் போனாலும் முகவரி மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். புதிய வீட்டின் முகவரிச் சான்று வந்ததும், கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே அதே தளத்தில் விண்ணப்பத்தை ஏற்றிவிடுங்கள். வாடகை வீடென்றால், ஆன்டெனா கட்ட வீட்டு உரிமையாளரின் ஒப்புதலை முன்பணம் கொடுக்கும் நாளிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.